கொக்கிக்கு விடாத நீளம்

கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கொக்கிதான். கம்பி கட்டுகிற வேலை. இரண்டு கம்பி குறுக்கே போகிற இடத்தில் மெல்லிய கட்டுக்கம்பியைச் சுற்றி, கைக்கு அடக்கமான இரும்புக் கொக்கி ஒன்றை அதில் மாட்டி, இரண்டே திருகு. முடிச்சு விழுந்துவிடும். முப்பது வருஷமாக நாளைக்கு ஆயிரம் முடிச்சாவது போட்டிருப்பார். மனுஷர் பெயர் மறந்துபோய்க் கருவியின் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதுவும் எந்த வரியில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. மேஸ்திரி விரல் வைத்துக் காட்டுகிற கட்டத்தில் கட்டைவிரலை அமுக்கிவிட்டு வருவார். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான்.

அந்தக் கட்டைவிரல்தான் மகளுக்கு ஆகவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் உட்கார்ந்திருக்கும். கூடப் படித்தவர்கள் அவளுக்கே கட்டைவிரல் என்று பட்டம் வைத்துவிட்டார்கள். பத்து வருஷம் அந்தப் பட்டத்தோடு படித்தாள். இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கல்யாணம் பேசி முடித்து, அதைப் பதிவாளர் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானதும் அவள் முதலில் கேட்டது துணி இல்லை, நகை இல்லை.

"அப்பா, மூணு சாட்சி கையெழுத்துப் போடணுமாம். மூணாவது இடம் உனக்கு. ஆனா அங்க கைநாட்டு இருக்கக் கூடாது, சொல்லிட்டேன். ஒரு வருஷம் இருக்கு. நான் சொல்லித் தரேன்."

அவள் ஒரு ஊரில், அவர் ஒரு ஊரில். பாடம் போனிலேயே நடந்தது. தினம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு எழுத்து வரும். பேனா பிடித்தால் கொக்கியின் விரல்கள் விறைத்துக்கொண்டன. அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. அதனால் கட்டுக்கம்பியை நறுக்கி எழுத்தை வளைத்துப் பார்த்தார். வளைக்கிற வேலை அவருக்குக் கைவந்தது. ஒரு வாரத்தில் 'அ' கூட வளைந்துவிட்டது. கடைசிவரைக்கும் தண்ணி காட்டியது இந்த 'ள'தான். எப்போதும் 'ல' போட்டுவிடுவார். மகள் என்று எழுதச் சொன்னால் 'மகல்' என்று எழுதி அனுப்புவார்.

"நாக்கை மடிச்சுச் சொல்லிப் பாருப்பா. மகள். மகள்."

"மடிச்சுத்தான் சொல்றேன். கை மடங்க மாட்டேங்குது."

அதனால் கம்பியில் வளைத்த ஒரு 'ள' எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எழுத்துக்குப் பதிலாக ஒரு முழுப் பக்கத்தை மகள் அனுப்பினாள். அவர் ஊர் விமான நிலையத்துக்கும் மகள் ஊர் விமான நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்கிற பக்கம். "நீயே படிச்சுப் பாரு" என்று கூடவே ஒரு வரி.

கொக்கி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தார். ப, ற, க், கு, ம். பறக்கும். தூ, ர, ம். பக்கத்தில் படுத்திருந்த, தளத்துக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"சீக்கிரம் படிண்ணே. நீ படிக்கிறதுக்குள்ள பிளேன் போயிட்டுத் திரும்பி வந்துரும் போலிருக்கே."

"நீ தூங்கு."

கால் மணி நேரம் பிடித்தது. ஆனால் படித்துவிட்டார். பறக்கும் தூரம் முந்நூற்று எண்பத்தாறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடிப்பொடியாக இன்னொரு வரி இருந்தது. கண் வலித்தது. முக்கியமானதைத்தான் படித்தாகிவிட்டதே என்று போனை மூடினார்.

"ஒரு மணி அஞ்சு நிமிஷம்!" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "பஸ்ல போனா ஒன்பது மணி நேரம் முதுகு ஒடியும். இது ஒரு மணி அஞ்சு நிமிஷம். நானே படிச்சேன்."

சாயந்தரம் மகள் போன் பண்ணினாள். கல்யாணத்தன்று, வெள்ளிக்கிழமை, இரண்டு விமானம் இருக்கிறது. ஒன்று காலை ஆறு ஐம்பது, இன்னொன்று பதினொன்று நாற்பது. பதிவாளரிடம் மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறது.

"காலைல போறதுலயே டிக்கெட் எடுத்துடறேன்ப்பா."

"எதுக்கு? பதினொன்னு நாப்பதுக்குக் கிளம்பினா பன்னெண்டே முக்காலுக்கு அங்க நிப்பேன். மூணு மணிக்கு முன்னாடி ரெண்டேகால் மணி நேரம் சும்மா கெடக்கு. இங்க அன்னிக்குத் தளத்துக் கம்பி செக்கிங் வேற இருக்கு. இஞ்சினியர் வந்து பாப்பாரு. நான் இல்லன்னா நடக்காது."

"அப்பா... நல்லாப் படிச்சியா?"

அந்த ஒரு கேள்விதான். கொக்கிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"படிக்கச் சொல்லிக் குடுத்த நீயே சந்தேகப்பட்டா எப்படி? எழுத்துக் கூட்டி, ஒன்னு விடாம படிச்சேன். ஒரு மணி அஞ்சு நிமிஷம். சந்தேகம்னா நீ படிச்சுப் பாரு."

மகளும் விமானத்தில் ஏறியவள் இல்லை. அப்பா முதல்முறையாக எதையோ தானே படித்துவிட்டுச் சண்டை போடுகிறார் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வேறு. பதினொன்று நாற்பதுக்கே எடுத்துவிட்டாள்.

மகளோடு இருந்த மனைவி மட்டும் போனைப் பிடுங்கிப் பேசினாள். "என்னங்க, நீங்க அடுத்தவன் அளந்த எதையும் நம்பாத ஆளாச்சே. வாங்கின துணியையே முழம் போட்டுப் பாப்பீங்க. இதுக்கு மட்டும் எப்படித் தலையாட்டுறீங்க? பேசாம முதல் நாளே பஸ் ஏறி வந்து சேருங்க."

"எழுத்துல இருக்குடி!" என்றார்.

எழுத்தில் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது என்று சொல்லியே முப்பது வருஷமாக ஊர் உலகம் அவர் வாயை அடைத்திருக்கிறது. இப்போது அந்த எழுத்து அவர் பக்கம். அதை அவ்வளவு லேசில் விட்டுவிடுவாரா?

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்கே கொக்கி தளத்தின் மேல் இருந்தார். எட்டரைக்குக் கிளம்புவதாகக் கணக்கு. இஞ்சினியர் ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர் எட்டேகாலுக்கு வந்தார். வந்தவர் ஒவ்வொரு கட்டமாகக் குனிந்து பார்த்தார். எட்டரை ஆனது. கொக்கி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் வயதில் சின்னவர். காரியம் ஆக வேண்டுமென்றால் அண்ணே என்பார்.

"சார், நான் கிளம்பணும். பொண்ணு கல்யாணம்."

"தெரியும்ணே. ஒரு மணி நேரம்தானேண்ணே? நீங்கதானே மூணு வாரமா சொல்லிட்டிருக்கீங்க. அந்த ஓரத்துல நாலு ரிங்கு தள்ளியிருக்காம், அதை மட்டும் அவுத்துக் கட்டிட்டுப் பறந்துடுங்க."

சொன்ன வாய்க்கே திருப்பிப் போட்டால் என்ன செய்வது? கொக்கி பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வளையக் கம்பியையும் அவிழ்த்துக் கட்டினார். சென்ட்ரிங்காரர் ஏணியில் நின்றபடி, "அவசரமே இல்லண்ணே, பிளேனைக் கைதட்டி நிறுத்திக்கலாம்" என்றார். கொக்கி கீழே இறங்கிச் சட்டை மாற்றும்போது மணி ஒன்பது பத்து.

விமான நிலையத்துக்கு ஊர்ப் பெயர் இருந்ததே தவிர, அது அந்த ஊரில் இல்லை. முதல் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் போய் இறங்கி, அங்கே நின்று, இரண்டாவது பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. இரண்டாவது பஸ்ஸில் ஒருவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இன்னும் ரொம்ப தூரம் இருக்குங்களே" என்று சாவகாசமாகச் சொன்னார். கொக்கிக்கு அவரைத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

ஓட்டமும் நடையுமாக உள்ளே போனபோது மணி பத்து ஐம்பது. கவுன்டரில் இருந்த பெண், "இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா மூடியிருப்போம் சார்" என்றாள்.

"பதினொன்னு நாப்பதுக்குத்தானேம்மா வண்டி?"

"ஆமா சார். அதான்."

அதான் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க நேரமில்லை.

அடுத்தது சோதனை. பை ஒரு சுரங்கத்துக்குள் போனது. இவர் ஒரு கதவில்லாத நிலைக்குள் போனார். இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின. சீருடை போட்ட ஒரு பெண் பையைத் திறந்து, வேட்டிக்கும் சீப்புக்கும் நடுவிலிருந்து கொக்கியை வெளியே எடுத்தாள்.

"இது என்ன?"

"கொக்கி."

"எதுக்கு?"

"கம்பி கட்டறதுக்கு."

"இதை உள்ள கொண்டுபோகக் கூடாது. பெரிய பையில போட்டு முன்னாடியே குடுத்திருக்கணும். இப்ப திரும்பிப் போனா கவுன்டர் மூடியிருப்பாங்க. இங்க விட்டுட்டுப் போறீங்களா, இல்ல நீங்களும் இங்கயே நிக்கிறீங்களா?"

பதினெட்டு வருஷம் அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, அவர் உள்ளங்கை அளவுக்கே அது தேய்ந்திருந்தது. எடுத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள். அதில் நகவெட்டியும் கத்தரிக்கோலும் கிடந்தன. அவற்றோடு கொக்கியும் போய் விழுந்தது. கொக்கி பார்த்துக்கொண்டே நின்றார்.

"சட்டைப் பையில என்ன?"

எடுத்துக் காட்டினார்.

"இது என்ன கம்பி?"

"ள."

"என்னது?"

"ள. எழுத்து. மகள்னு எழுதறதுக்கு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "போங்க போங்க" என்றாள்.

உள்ளே கூடத்தில் நாற்காலி நாற்காலியாக ஜனம் உட்கார்ந்திருந்தது. மேலே பலகையில் ஊர்ப் பெயர்களும் நேரங்களும் ஓடின. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வரி மாறிவிடுகிறது. மறுபடி வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நாலாவது சுற்றில் தன் விமானத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு நேரே த, ஆ... இல்லை, தா. தாமதம். பன்னிரண்டு ஐம்பது.

"தாமதம்னா லேட்டுதானே?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், வேறு அர்த்தம் இருந்தாலும் இருக்கட்டுமே என்று.

"லேட்டேதான். நாம போற விமானம் இன்னும் வேற ஊர்லேர்ந்து வந்து சேரல."

"வரவேயில்லாத வண்டிக்கு எதுக்குங்க கவுன்டரை அவ்வளவு கண்டிப்பா மூடறாங்க?"

அவர் சிரித்தார். கொக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஒரு மணி ஐந்து நிமிடம். அப்படியேதான் இருந்தது. செய்ய வேறு வேலை இல்லாததால் கீழே இருந்த சாம்பல் வரியைப் பெரிதாக்கினார். எறும்புகள் எழுத்தாயின. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனார். 'நிலையத்துக்குச் சென்று சேரும் நேரம், சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் ஊருக்குள் செல்லும் நேரம் ஆகியவை இதில் சேரவில்லை.'

இரண்டாவது முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கவில்லை.

கம்பி வெட்டுகிறவன் எவனும் வரைபடத்தில் போட்டிருக்கிற நீளத்துக்கு வெட்ட மாட்டான். படத்தில் மூன்று மீட்டர் என்றால் அது நடுவில் நேராகப் போகிற நீளம். இந்த முனையில் வளைத்துக் கொக்கி போட நாலு விரல் விட வேண்டும், அந்த முனையிலும் விட வேண்டும். விடாமல் வெட்டினால் கம்பி எதையும் பிடிக்காது; மொத்தக் கட்டும் குப்பைக்குப் போகும். வேலைக்குப் புதிதாக வருகிற ஆளுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற சமாசாரம் இது. எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பார்! 'படத்தைப் பாத்தா போதுமாடா, முனைக்கு விட வேணாமா?' என்று எத்தனை பேர் காதைப் பிடித்துத் திருகியிருப்பார்! அவரே இன்று கொக்கிக்கு விடாமல் வெட்டியிருக்கிறார். அதுவும் மகள் கல்யாணத்தை.

போனில் மனைவியைக் கூப்பிட்டார். "பிளேன் லேட்டு."

"எவ்வளவு லேட்டு?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

"அப்ப மூணு மணிக்கு வந்துடுவீங்களா மாட்டீங்களா?"

"வந்துட்டிருக்கேன்."

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"இங்கதான்... உக்காந்துட்டிருக்கேன்."

"நல்லா சௌகரியமா உக்காருங்க" என்று வைத்துவிட்டாள்.

விமானம் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பியது. மேலே போனது, மேகத்தைப் பார்த்தது, கீழே வந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது கொக்கி மணி பார்த்தார். சரியாக இரண்டு. ஒரு மணி ஐந்து நிமிடம்! ஒரு நிமிஷம் கூடவில்லை, குறையவில்லை. அன்றைக்கு அவருக்கு இருந்த கோபத்தில் பாதி இதனால்தான். பொய் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அந்தப் பக்கம் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

விமானம் நின்ற பிறகும் யாரையும் இறக்கவில்லை. ஏணி வரவேண்டுமாம். ஏணி வந்தது. பிறகு பஸ் வரவேண்டுமாம். பஸ் வந்து எல்லோரையும் ஏற்றி, எச்சில் துப்பினால் விழுகிற தூரத்தில் இருந்த கட்டடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. வெளியே வந்தபோது இரண்டு முப்பத்தைந்து. ஊர் எண்பது கிலோமீட்டர். இந்த நிலையத்துக்கும் ஊர்ப் பெயர்தான், ஊர்தான் இல்லை.

பதிவாளர் அலுவலகத் தெரு வழியாகப் போகிற வேன் ஒன்று நின்றது. ஓட்டுநர் கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்ங்க?"

"ஒன்றரை மணி நேரம். போயிட்டே இருக்கலாம்."

கொக்கி இந்தத் தடவை விடவில்லை. "எப்பலேர்ந்து ஒன்றரை மணி நேரம்? இப்பலேர்ந்தா, வண்டி கிளம்பினதுலேர்ந்தா?"

"கிளம்பினதுலேர்ந்து."

"எப்பக் கிளம்புவீங்க?"

"ஆள் சேந்ததும்."

ஆள் சேர மூன்று ஐந்தாயிற்று. ஊரை நெருங்குகிற இடத்தில் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. சாலையில் ஒரு பக்கம் தோண்டிக் கான்கிரீட் போடுகிறார்கள். மறுபக்கம் இரண்டு திசை வண்டியும் மாறி மாறிப் போக வேண்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். கம்பியைத் தரையோடு தரையாகப் போட்டிருந்தார்கள். கம்பிக்கு அடியில் ஒரு கல்லைக்கூட முட்டுக் கொடுக்கவில்லை.

"யாருய்யா கட்டினது இதை? ஆறு மாசம் தாங்காது!" என்று வேனுக்குள்ளிருந்தே கத்தினார். வேலையாள் ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கை ஆட்டினார். வேனில் இருந்தவர்கள் இவரைப் பார்த்தார்கள். மகளிடமிருந்து போன் வந்தது.

"எங்கப்பா இருக்க?"

"ரோட்டுல."

"எந்த ரோட்டுல?"

"தெரியல. கம்பி கட்டியிருக்காங்க, ஒன்னும் சரியில்ல."

"அப்பா! எங்களுக்கு அப்புறம் வந்த ரெண்டு ஜோடியை முன்னாடி விட்டுட்டேன். இன்னும் ஒரு ஜோடிதான் இருக்கு. சீக்கிரம் வாப்பா."

வா என்றால் வரமாட்டேன் என்றா சொல்கிறார்? இறங்கி ஓடலாமா என்று கூடப் பார்த்தார். எவ்வளவு தூரம் என்று ஓட்டுநரைக் கேட்டார். "நேராப் போனா ஆறு கிலோமீட்டர்தான்" என்றார் ஓட்டுநர். நேராக என்ற வார்த்தையைக் கேட்டதும் கொக்கி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பதிவாளர் அலுவலக வாசலில் அவர் போய் இறங்கியபோது மணி ஐந்து இருபது.

எல்லோரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். மனைவி, மகள், மாப்பிள்ளை, மச்சினன். மகள் கையில் ஒரு உறை. அந்த உறையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நாலே முக்கால் வரைக்கும் நிறுத்தி வெச்சோம் மாமா," என்றான் மச்சினன், குற்றம் செய்தவன் போல. "இப்பப் போடலன்னா திங்கக்கிழமைதான்னு சொல்லிட்டாரு பதிவாளர். மாப்பிள்ளை நாளைக்கே வேலைக்குத் திரும்பணும். அதான் உங்க எடத்துல நான் போட்டுட்டேன்."

"பொண்ணோட அப்பா எங்கன்னு பதிவாளர் கேட்டாரு," என்றாள் மனைவி. "ஆகாயத்துல இருக்காருன்னு இவன் சொன்னான். அவரு எழுந்து நின்னு எனக்கு ஆறுதல் சொல்ல வந்துட்டாரு. அந்த ஆகாயம் இல்லங்க, பிளேன்ல வர்றாருன்னு நான் விளக்க வேண்டியதாப் போச்சு."

வேறொரு நாளாக இருந்தால் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். மகள் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். மூன்றாம் சாட்சி. அந்தக் கோட்டின் மேல் மச்சினன் கையெழுத்து, கீழே வால் வைத்து, நல்ல ஸ்டைலாக. கொக்கி ஒரு வருஷம் போட்டுப் போட்டுப் பார்த்த ஐந்து எழுத்துக்கு அங்கே ஒரு ஓரம்கூட இல்லை.

"பதிவாளர் போயிட்டாரா?" என்றார்.

"உள்ளதான் இருக்காரு. பூட்டிட்டிருக்காரு."

கொக்கி பையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கேட்டில் காவலாளி கை நீட்டி மறித்தார்.

"அஞ்சு மணிக்கு மேல யாரு உள்ள போனாலும் இதுல எழுதணும். பேரு, நேரம், காரணம், கையெழுத்து."

நோட்டைத் திருப்பி வைத்தவர், கொக்கியின் கைகளைப் பார்த்தார். துரு ஏறிய ரேகை, கம்பி கிழித்த தழும்பு, உடைந்த நகம். மை டப்பாவைத் திறந்து நோட்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார். ஊதா மை.

கொக்கி அந்த டப்பாவையே பார்த்தார்.

"பேனா குடுங்க" என்றார்.

"எனக்கு ஒன்னும் இல்ல, ரேகை வெச்சீங்கன்னா மீதியை நானே எழுதிக்குவேன். சட்டுனு உள்ள போயிடலாம்."

"பேனா."

காவலாளி காதிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். கொக்கி குனிந்தார். விரல் விறைத்தது. பெயரின் முதல் எழுத்து இறங்கியது. இரண்டாவது எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே தொங்கியது. உள்ளே எங்கோ ஒரு ஷட்டர் இழுபடுகிற சத்தம் கேட்டது.

மகள் ஓடி வந்தாள். "என்னப்பா பண்ற? அவர் கிளம்பறாரு!"

"எழுதிட்டிருக்கேன்."

"அதுக்கு இப்பவா நேரம்? கைநாட்டு வெச்சிட்டு ஓடுப்பா!"

கொக்கி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்கும் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஒரு தடவைப்பா. கேட்டுலதானே? யாரு பாக்கப்போறா?"

"மாட்டேன்."

"அப்பா!"

"ஒரு வருஷம் சோத்தைத் தள்ளி வெச்சுட்டுக் கத்துக்கிட்டேன். காலைலேர்ந்து கண்டவன் வாயில எல்லாம் விழுந்து எழுந்து வந்திருக்கேன். கொக்கியையும் பறிகுடுத்துட்டேன். இதையும் கட்டைவிரல்லயே முடிக்கணுமா? மாட்டேன்."

மறுபடி குனிந்தார். பெயர் முடிந்தது. வந்த நேரம், ஐந்து இருபது. எண்கள் அவருக்கு எப்போதுமே தடங்கலில்லை. வந்த காரணம். ம. க. நின்றார். சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். அதைப் பார்த்துப் பார்த்து வளைத்தார். ஒரு புள்ளி. அடுத்த சொல்லுக்குப் போனார். காவலாளி பெருமூச்சு விட்டார். கையெழுத்துக் கட்டத்தில் ஐந்து எழுத்தையும் இன்னொரு முறை இறக்கிவிட்டுப் பேனாவை வைத்தபோது, ஒரு மனிதர் குடையும் சாப்பாட்டுப் பையுமாகக் கேட்டைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"சார்!" என்றார் கொக்கி. "நான்தான் பொண்ணோட அப்பா."

பதிவாளர் நின்றார். "வந்துட்டீங்களா? நல்லது. ஆனா புத்தகம் பூட்டியாச்சுங்களே. போட்ட இடத்துல இன்னொருத்தர் போட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க." கைகூப்பிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

கொக்கி மகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"வெளிய போற நேரமும் எழுதணும்" என்றார் காவலாளி.

"நான் உள்ளயே போகலையே!"

"வந்ததா எழுதிட்டீங்க இல்ல? அப்ப போனதா எழுதித்தான் ஆகணும். கணக்கு இடிக்கும்."

பேனாவை வாங்கி ஐந்து முப்பத்தொன்று என்று போட்டார். அழுத்தியதில் தாள் கிழிந்தது.

மகள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். வந்த காரணம் என்ற கட்டத்தில் விரலை வைத்து, அவர் படிப்பது போலவே ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "மகள்... ள சரியாப் போட்டிருக்க." விரல் நகர்ந்தது. "கள்யாணம். அப்பா, இதுக்கு ல."

"கையில இருந்தது ஒரே எழுத்து. ரெண்டுக்கும் அதையே வெச்சுட்டேன்."

"பதிவேட்டுல அடிக்கக் கூடாது" என்றார் காவலாளி முன்கூட்டியே.

"யாரும் அடிக்கல" என்றாள் மகள். குரல் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டை மூடாமல், திறந்தபடியே காவலாளி பக்கம் தள்ளினாள். அப்பா எடுத்துக் கையில் வைத்திருந்த கம்பியை வாங்கித் தன் உறைக்குள், அந்தக் காகிதத்தோடு போட்டுக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அவர் கீழே போட்ட பையை அவள் எடுத்துத் தரவில்லை.

"சரி, நின்னது போதும், வாங்க," என்றாள் மனைவி. "காலைலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா? வீட்டுல எல்லாம் ஆறிப்போய்க் கெடக்கு."

"கிட்டத்தான் மாமா," என்றான் மச்சினன், பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே. "பத்து நிமிஷத்துல வீட்டுல இருக்கலாம்."

கொக்கி நடப்பதை நிறுத்தினார்.

"எங்கேர்ந்து எதுவரைக்கும் பத்து நிமிஷம்? சரியாச் சொல்லு."